படித்த நாவலைப் பற்றிப் பேசினால் அதன் சுவை போய்விடுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். சிறுவயதிலிருந்து நாவல் படிக்கிறார். படிக்கும்போது நேரம் போவதே தெரிவதில்லை. ஆனால் யாராவது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. போன மாதம் 600 பக்க நாவல் ஒன்றை முடித்துவிட்டு, நண்பர்கள் நடுவில் துணிந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கிறார். அங்கே ஒருவர் "நீங்க அதைச் சரியாவே படிக்கலை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த நாவலை நினைத்தாலே கசக்கிறதாம். "படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா, இல்லை கருத்துச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

பார்த்தால் பேசுவதற்குப் பயிற்சி கேட்பது போல இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது ஒரு பயம் என்று நினைக்கிறேன். தனியாக உட்கார்ந்து அனுபவித்த ஒன்றை நாலு பேர் முன்னால் வைத்த பிறகும் அது என்னுடையதாகவே இருக்குமா என்ற பயம். நியாயமான பயம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இலக்கியம் படித்தேன். அதைவிட எனக்குக் கற்றுக்கொடுத்தது, 16 வருடமாக நடத்திவரும் ஒரு வாசிப்புக் கூட்டம். மாதம் ஒரு நாவல், பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரப் பேச்சு. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், படித்துவிட்டுப் பேச வருகிறவர்கள். படித்ததை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற வாசகர்கள் இப்படிப்பட்ட இடத்துக்கு வருவதில்லை. நான் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முதலில், வார்த்தை ஏன் வரவில்லை என்று பார்ப்போம். 600 பக்கத்தைப் படிக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதை யாரும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் தூங்கப் போகும்முன் கொஞ்சம், பயணத்தில் கொஞ்சம் என்று படிக்கிறோம். புத்தகத்தை மூடும்போது நம்மிடம் இருப்பது கடைசி ஐம்பது பக்கமும், ஒரு கனமான மனநிலையும்தான். நடுவில் வந்த ஆயிரம் சின்ன விஷயங்கள் அடியில் போயிருக்கும். பிரடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றிய ஒரு சோதனை இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கேம்பிரிட்ஜில் பலருக்குப் படிக்கக் கொடுத்து, சில நிமிடம் கழித்து, சில நாள் கழித்து, சிலரிடம் வருடக்கணக்கில் கழித்தும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. அதோடு, படித்தவருக்குப் பழக்கமில்லாதவை பழக்கமானவையாக மாறின. சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாடப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்கள் ஆனார்கள். அது சில நூறு சொற்களே கொண்ட கதை. 600 பக்க நாவலுக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்ல வருவதற்கு உங்கள் ரசனையில் குறை தேட வேண்டாம். விவரம் உதிர்ந்து உணர்ச்சி மட்டும் தங்கியிருக்கிறது.

இதற்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணமானது. படிக்கும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு வரியில் மனம் ஒரு கணம் நின்றால், ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு. விளக்கம் எழுத வேண்டாம், காரணம் யோசிக்க வேண்டாம், அப்படியே படித்துக்கொண்டு போங்கள். புத்தகத்தில் கோடு போடப் பிடிக்காதவர்கள் ஒரு துண்டுத் தாளில் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளலாம். நாவலை முடித்து இரண்டு மூன்று நாள் கழித்து, குறித்த இடங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். அரை மணி நேர வேலை. "இங்கே ஏன் நின்றேன்?" என்ற கேள்வி அப்போது தானாகவே வரும். சில கோடுகள் ஏன் போட்டோம் என்றே தெரியாது, விட்டுவிடலாம். நாலைந்து இடங்கள் மட்டும் ஏதோ ஒரு நூலால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பது தெரியவரும். உங்கள் கருத்து அங்கே இருக்கிறது. அதை நீங்கள் உட்கார்ந்து உருவாக்க வேண்டியதில்லை, படிக்கும்போதே உங்கள் கை அதைக் குறித்துவிட்டது.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். கருத்துச் சொல்லச் சொன்னால் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளில் ஒரு வித்தியாசம் காட்டினார். ராஜா செத்தார், அப்புறம் ராணி செத்தார் என்றால் அது கதை. ராஜா செத்த துக்கத்தில் ராணி செத்தார் என்றால் அது கதைப்பின்னல். முதலாவதைக் கேட்டால் "அப்புறம்?" என்போம், இரண்டாவதைக் கேட்டால் "ஏன்?" என்போம். நாவலைப் பற்றிப் பேசும்போதும் இது உதவுகிறது. "அப்புறம் என்ன ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே போனால் கேட்பவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். ஓர் "ஏன்" போதும், உட்கார்ந்து கேட்பார்.

எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றை எடுத்திருந்தோம். பேச்சு முழுக்க மூத்த மகன் வீட்டை விட்டுப் போனது சரியா தவறா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. குரல்கள் உயர்ந்தன. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஒரு மணி நேரமாக வாயே திறக்கவில்லை. நான் அவரைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு அந்தப் பையனைப் பத்தி ஒண்ணும் தோணலை சார். அந்த அம்மா புத்தகம் முழுக்க உட்காரவே இல்லை. வாசல்ல நிக்கிறாங்க, ஜன்னல்கிட்ட நிக்கிறாங்க, மத்தவங்க பேசும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். அது என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு." அறை அமைதியாகிவிட்டது. எல்லோரும் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தோம். காகிதச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சொன்னது உண்மை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளைஞர், "ஓர் இடத்துல உட்கார்றாங்க" என்றார். மகனிடமிருந்து கடிதம் வரும் இடம். அந்தத் தாய் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், கணவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்கிறாள். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

அதற்கு முன் அந்த நாவலை நான் மூன்று தடவை படித்திருந்தேன். அந்த நாற்காலியைப் பார்த்ததே இல்லை. அன்று இரவு மறுபடி எடுத்துப் படித்தபோது வேறொரு நாவல் கிடைத்தது. வீட்டை விட்டுப் போன மகனின் கதையாக இருந்தது, வீட்டில் தனக்கென்று ஓர் இடம் இல்லாத பெண்ணின் கதையாக மாறியிருந்தது. கருத்துப் பகிர்வதில் என்ன சுகம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். அந்தச் செவிலியர் நாவல் நல்லதா மோசமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கண்ணில் பட்ட இடத்தைக் கைகாட்டினார். அவர் வாழ்ந்த வாழ்க்கை அவருக்குக் கொடுத்த கண் அது. எங்களில் வேறு யாருக்கும் அது கிடையாது. உங்களுக்கும் அப்படி ஒரு கண் இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது, உங்களைப் புண்படுத்திய அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு நாவலைத் "தவறாகப்" படிக்க முடியுமா? முடியும், ஆனால் ஓர் எல்லை வரைதான். யார் எதைச் சொன்னார், எது முதலில் நடந்தது என்பதில் நாம் தவறலாம். பக்கத்தைத் திறந்து காட்டினால் தீர்ந்துபோகும். அப்படித் தவறுவது சகஜமும்கூட. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர் கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களுக்குக் கவிதைகளைக் கவிஞர் பெயர் இல்லாமல் கொடுத்து எழுதச் சொன்னார். 1929-இல் அதை நூலாக்கினார். இலக்கியம் படிக்கவே வந்தவர்கள், நேரடிப் பொருளையே பல இடங்களில் கோட்டைவிட்டிருந்தார்கள். அது கவிதை, நாவல் வேறு; இருந்தாலும் "சரியாகப் படிப்பது" தேர்ந்தவர்களுக்கும் எளிதாக வருவதில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. இன்னொரு பக்கம், உங்களுக்கு அலுப்புத் தட்டியது, அழுகை வந்தது, ஒரு பாத்திரத்தின் மேல் ஆத்திரம் வந்தது என்றால் அவை நடந்தவை. "உங்களுக்கு அழுகை வந்திருக்கக் கூடாது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சண்டை வருவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரிய வெளியில். எழுத்தாளர் சொல்லாமல் விட்ட இடங்களை நாம் நிரப்பிக்கொண்டுதான் படிக்கிறோம். வோல்ஃப்காங் ஈசர் என்ற ஜெர்மானிய விமர்சகர் 1970-களில் இதை விரிவாக எழுதினார். அந்த இடங்களைத் தமிழில் வாசக இடைவெளி என்று சொல்லிப் பழகிவிட்டோம். மேலே சொன்ன தாய் ஏன் கடிதத்தைப் பிரிக்கவில்லை? பயமா, கோபமா, படிக்கத் தெரியாதா, அந்தக் கணத்தை நீட்டிக்க ஆசையா? நாவலில் பதில் இல்லை. எங்களில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னோம். அதில் ஒன்று மட்டும் விழுந்தது. முன்னால் ஓர் இடத்தில் அவள் செய்தித்தாள் படிப்பதை ஒருவர் காட்டியதும், படிக்கத் தெரியாது என்று சொன்னவர் விட்டுக்கொடுத்தார். மீதி மூன்றும் இன்றுவரை நிற்கின்றன. எல்லா வாசிப்பும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. புத்தகம் எதிர்த்துச் சாட்சி சொல்லாதவரை ஒரு வாசிப்பு நிற்கும். கதையை "நான்" என்று சொல்கிறவரை நம்பலாமா என்ற கேள்வியும் இப்படித்தான். நம்பகமற்ற கதைசொல்லி என்ற கருத்தை அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961-இல் முன்வைத்த பிறகு, அதுவரை யோக்கியராகத் தெரிந்த பல கதைசொல்லிகளை வாசகர்கள் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். சில நாவல்களில் அந்தச் சந்தேகம் பலித்தது, சிலவற்றில் வீணான கெட்டிக்காரத்தனமாகப் போனது. ஆகவே உங்கள் நண்பரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்றீங்க?" அவர் பக்கத்தைக் காட்டினால் உங்களுக்கு லாபம். காட்ட முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அந்தக் கசப்பு எனக்கும் தெரியும். 22 வயதில் நான் உயிராக நினைத்த ஒரு நாவலை நெருங்கிய நண்பர் ஒருவர் அரை மணி நேரத்தில் பிய்த்துப் போட்டார். வெறும் கண்ணீர்க் கதை என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். பல வருடம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அலமாரியில் அதன் முதுகைப் பார்த்தாலே அவர் குரல் கேட்கும். நாற்பதை நெருங்கும்போதுதான் மறுபடி படித்தேன். பின்பாதியைப் பற்றி அவர் சொன்னது சரி, அங்கே கண்ணீர் வரவழைக்கவே காட்சிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் முதல் இருநூறு பக்கத்தை அவர் அவசரமாகத் தாண்டியிருக்கிறார். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே குடைக்குள் பேசாமல் நடந்து போகும் காட்சி இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது. அன்று பேசியதால் நாவலின் சுவை போகவில்லை. தீர்ப்புக்கு எதிராக நானும் ஒரு தீர்ப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், அதுதான் என்னை வாயடைத்துப் போக வைத்தது. குடையைக் காட்டியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

அன்று கற்றுக்கொண்டதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மனதுக்கு மிக நெருக்கமான நாவலை முடித்த உடனே யாரிடமும் பேசுவதில்லை, மதிப்புரைகளையும் படிப்பதில்லை. குறைந்தது மூன்று நாள். முதலில் பேசுவதும் ஒரே ஒருவரிடம்தான். அவர் என்னைவிட அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, "அப்படியா, எந்த இடம்?" என்று கேட்கிறவராக இருந்தால் போதும். கூட்டத்தில் பேசுவது அதற்கப்புறம். மூன்று நாள் என்பது என் அனுபவக் கணக்கு, அதற்குமேல் ஆதாரம் ஏதும் இல்லை. சிலர் படித்த சூட்டிலேயே பேசினால்தான் பேச முடிகிறது என்கிறார்கள், அதுவும் சரியாகவே இருக்கலாம்.

நாவலைப் பற்றிப் பேசும்போது முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்தவர் சுவை கெடுமா என்பதும் இதோடு ஒட்டிய கேள்விதான். சான் டியாகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 12 சிறுகதைகளை வைத்துப் பார்த்ததில், முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கொண்டாடின. ஆனால் அவை சிறுகதைகள், நாவல்கள் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் முடிவு தெரிந்ததால் ரசனை குறைந்ததாகவும் வந்திருக்கிறது. ஆகவே இதை வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் முடிவைப் போட்டு உடைக்காதீர்கள். இன்னும் படிக்காதவரிடம் பேசும்போது நான் நாவலின் முதல் கால்பகுதியைத் தாண்டுவதில்லை. நல்ல நாவல் என்றால் அந்தக் கால்பகுதியிலேயே ஒரு மாலை முழுக்கப் பேச விஷயம் இருக்கும்.

நாவல் படித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறன் வளரும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. இலக்கியத் தரமான புனைவின் சில பக்கங்களைப் படித்தவர்கள், பிறர் மனநிலையைக் கணிக்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்றது அது. மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது பலருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. வருடக்கணக்காகப் படிக்கிறவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்று நான் நம்புகிறேன், ஆனால் அது நம்பிக்கைதான். படிப்பதற்கு அப்படியொரு பயனைக் காரணமாகக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு நேரம் போவதே தெரியவில்லை என்றீர்களே, அந்தக் காரணமே போதும்.

பிடிக்காத நாவலைப் பற்றியும் பேசப் பழகுங்கள், ஒருவகையில் அது இன்னும் நல்ல பயிற்சி. "பிடிக்கவில்லை" என்பதும் "நன்றாக இல்லை" என்பதும் வேறு வேறு. முதலாவது உங்களைப் பற்றியது, இரண்டாவது புத்தகத்தைப் பற்றியது. முதலாவதைத் தாராளமாகச் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்வதற்கு முன், அந்த நாவல் என்ன செய்ய முயன்றது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

பேச வார்த்தையே வராத நாளில் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் முதல் இரண்டு வருடம் கருத்தென்று எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு மாதமும் தனக்குப் பிடித்த ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பார், அவ்வளவுதான். வாசிக்கும்போது எங்கே குரல் தாழ்கிறது, எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார் என்பதிலிருந்தே அவர் நாவலை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். பேச ஆரம்பித்த பிறகும் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை, நாங்களும் விடவில்லை.

ஆக, பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. நீங்கள் படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் வாசிப்பில் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால், நிறுத்திக்கொள்ள விரும்புகிறவர் எழுதியது போல இல்லை. அந்த 600 பக்க நாவலை இன்னொரு தடவை எடுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம், அன்று நண்பர்களிடம் சொல்ல நினைத்த இடத்தை மட்டும் தேடி எடுங்கள். அந்தப் பத்தியை அப்படியே எழுதி, எந்த வரியில் நின்றீர்கள் என்றும் சொல்லுங்கள். நாவல் எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நான் படித்ததாக இருந்தால் என் பிரதியில் அந்த இடத்தில் கோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். படிக்காததாக இருந்தால் படித்துவிட்டு வருகிறேன்.